முப்பத்தைந்து நிமிடத்தில் வந்த சனிக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதம். பசுபிக் சமுத்திரத்தின் நடுவில் உள்ள பாகோ பாகோ என்ற ஊரில், ஒரு சின்ன விடுதியின் காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்து பப்பாசிப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான், என் ஒரே மகனின் கலியாணத்துக்கு நான் ஒரு நாள் பிந்திவிட்டேன் என்பது எனக்குத் தெரியவந்தது. 

நான் ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிறவன். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் குடும்பம் தொடங்கி, இப்போது ஸ்ரௌவ்வில்லில் வீடு. அப்போது ஓட்டத் தொடங்கி இருபத்தாறு வருடம். பிந்துவது என்பது எனக்குப் பிடிக்காத காரியம். பனி கொட்டினாலும், ஃபிஞ்ச் வீதியில் நெரிசல் என்றாலும், என் பஸ் நேரத்துக்கு நிற்கும், நேரத்துக்கு வெளிக்கிடும். பக்கக் கண்ணாடியில் யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது தெரியும். மணி சரி என்றால் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவேன். ஓடிவருகிறவர் ஐந்து நிமிடம் முந்தி வீட்டிலிருந்து வெளிக்கிட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. இதைக் கேட்டால் என் மனைவிக்குக் கோபம் வரும். இரக்கம் பார்த்தால் ஃபிஞ்ச் வீதி முழுக்கப் பிந்திப்போகும் என்று நான் சொல்லுவேன்.

மகன் தண்ணீர் விநியோக எஞ்சினியர். மூன்று வருடமாக சமோவாவில் வேலை. அங்கே ஆப்பியா என்ற ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஒரு பெண்ணை விரும்பினான். பெண் ஃபிஜியில் பிறந்தவள். பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். கலியாணம் ஆப்பியாவில் என்று முடிவாயிற்று. ஃபிஜியிலிருந்து ஓர் ஐயர் வந்து செய்துவைத்துவிட்டு அன்று பின்னேரமே விமானத்தில் திரும்ப வேண்டும். முகூர்த்தம் மட்டும் எங்கள் ரொறன்ரோ ஐயர் பார்த்துத் தந்தது. சனிக்கிழமை காலை பத்து முப்பத்திரண்டிலிருந்து பதினொன்று நாற்பத்தெட்டு வரை. கனடாவில் எல்லா நல்ல நாளும் சனி ஞாயிறில்தான் வரும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மகளின் குடும்பம் ஒரு கிழமை முந்தியே ஃபிஜி வழியாகப் போய்விட்டது. எங்களால் போக முடியவில்லை. எங்கள் வழக்கத்தில் தாலிக்குப் பொன்னுருக்குவது மாப்பிள்ளை வீட்டில். அதற்கு நல்ல நாள் திங்கட்கிழமைதான் கிடைத்தது. மாப்பிள்ளை சமோவாவில், பொன்னுருக்கு ஸ்ரௌவ்வில்லில். மகன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, நகை செய்கிற பத்தர் எங்கள் இருக்கை அறையில் சின்னச் சட்டியை வைத்துத் தங்கக் காசை உருக்கினார். புகை எச்சரிக்கை மணி அடித்ததில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். மனைவி அவருக்கும் ஒரு தட்டில் பலகாரம் வைத்து, மூலையில் மஞ்சள் பூசிய கலியாணக் கார்ட் ஒன்றும் கொடுத்தனுப்பினாள். அடுத்த நாளே பத்தர் தாலியை முடித்துத் தந்தார். செவ்வாய்க்கிழமை வெளிக்கிட மனைவி சம்மதிக்க மாட்டாள். ஆக, புதன்கிழமைதான் பயணம்.

அந்தத் திகதிக்கு ஃபிஜி வழியாக இடமில்லை. நான் கணினிக்கு முன்னால் இருந்து வேறு வழி தேடினேன். வன்கூவர் போய், ஹொனலூலு போய், அங்கிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்குப் போகலாம். அது அமெரிக்காவின் பகுதி, மகன் இருக்கிற சமோவா தனி நாடு. அந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று அடித்துப் பார்த்தேன். நூற்றிருபது, நூற்றிமுப்பது கிலோமீற்றர். சின்ன விமானத்தில் முப்பத்தைந்து நிமிடம். ஸ்காபரோவிலிருந்து கிச்சினர் போகிற தூரம். 401 நெடுஞ்சாலையில் நெரிசல் என்றால் கிச்சினருக்கு மூன்று மணித்தியாலம் எடுக்கும்.

நான் அவசரக்காரன் இல்லை. நேர வித்தியாசத்தையும் பார்த்தேன். இரண்டு ஊரிலும் ஒரே மணி. ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. கண்ணாடி போடாமல் அதை வாசிக்க முடியவில்லை, எழுந்துபோய்க் கண்ணாடியை எடுக்கவும் இல்லை. வியாழன் இரவு பாகோ பாகோவில் இறங்கி, மனைவியின் முழங்காலுக்கு ஆறுதல் கொடுத்து, வெள்ளி பின்னேரம் நாலு மணி விமானத்தில் ஏறினால் நாலு முப்பத்தைந்துக்கு ஆப்பியா. அடுத்த நாள் கலியாணம். என் திட்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மகனிடம் வெள்ளி பின்னேரம் வந்துவிடுவோம் என்றேன். அவன் ரிக்கெற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். “இருபத்தாறு வருசம் ரைம்ரேபிளோட சீவிக்கிறன். நீ எனக்கு ரிக்கெற் பார்க்கப் போறியோ?” என்று கேட்டு அனுப்பாமல் விட்டேன். அந்த ஒரு படத்தை அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

புறப்படும்போது மனைவியோடு ஒரு சின்னச் சண்டை. மிச்சக் கார்ட்டுகள் இருபதைக் கைப்பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம். கலியாணக் கதையை யாரிடமாவது வாய்திறந்து சொன்னால் கார்ட்டும் கொடுத்துவிட வேண்டும், சொல்லிவிட்டு அழைக்காமல் விடுவது மரியாதை இல்லையாம். “உமக்கு உலகம் முழுக்கக் கார்ட் குடுக்க வேணும். அந்தப் பாரத்துக்கு ஒரு கிலோ பலகாரமாவது கொண்டுபோகலாம்” என்று புறுபுறுத்தேன். அவள் கேட்காத மாதிரி அடுக்கினாள்.

வியாழன் இரவு பாகோ பாகோவில் இறங்கியபோது இருவருக்கும் உடம்பு முறிந்திருந்தது. கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. விடுதியில் வைஃபைக்கு இரகசியச் சொல் கேட்டு மகனுக்கு ஒரு சொல் அனுப்பச் சொன்னாள் மனைவி. நாளைக்கு நேரில் பார்க்கத்தானே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஏழரை மணி. விடுதி நடத்துகிற பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். காதில் ஒரு சிவப்புப் பூ, வாய் நிறையச் சிரிப்பு. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மனைவி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மகனின் கலியாணம் என்றாள். சொன்ன கையோடு கைப்பையைத் திறந்து மஞ்சள் பூசிய கார்ட் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். நான் மேசைக்குக் கீழே அவளின் காலைத் தட்டினேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் பிள்ளையார் படத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஆங்கிலப் பக்கத்தை வாசித்தார். சிரிப்பு மெல்ல நின்றது. கார்ட்டில் இருந்த திகதியில் விரலை வைத்து, இந்தக் கலியாணம் இன்றைக்கல்லவா என்று கேட்டார்.

இல்லை, இன்றைக்கு வெள்ளி, கலியாணம் சனி என்று நான் பொறுமையாக விளக்கினேன், புதுப் பயணிக்கு வழி சொல்கிற மாதிரி. அவர் தலையை ஆட்டினார். இங்கே வெள்ளி, அங்கே இப்போது சனி என்றார். தன் அக்கா அங்கேதான் இருக்கிறாராம். அக்காவின் பிறந்தநாளுக்கு இவர் இங்கிருந்து முதல் நாளே வாழ்த்துச் சொல்ல வேண்டுமாம். நடுவில் கடலில் திகதிக் கோடு ஓடுகிறது. இரண்டு தீவிலும் ஒரே மணி, ஆனால் ஒரு நாள் முழுக்க வித்தியாசம்.

“இஞ்சாருங்கோ, மனிசி என்ன சொல்லுது?” என்றாள் மனைவி.  அறைக்கு ஓடிப்போய் ரிக்கெற் தாளை எடுத்தேன். இந்த முறை கண்ணாடி போட்டுப் பார்த்தேன். புறப்படுவது வெள்ளி, போய்ச்சேர்வது சனி. தெளிவாகப் போட்டுத்தான் இருந்தது. பத்துத் தடவை பார்த்த தாள். பத்துத் தடவையும் நான் மணியைத்தான் பார்த்திருக்கிறேன். பஸ் நேர அட்டவணையில் திகதி இருக்காது. இருபத்தாறு வருடப் பழக்கம் என் கண்ணை அப்படிப் பழக்கிவைத்திருந்தது.

வைஃபை கிடைத்ததும் தொலைபேசி துடிதுடித்தது. முப்பதுக்கு மேல் தவறிய அழைப்புகள். மகனுக்கு எடுத்தேன்.

“அப்பா! எங்க நிக்கிறியள்? அம்மாக்கு ஒண்டுமில்லையே?”

“ஒண்டுமில்லை ராசா. பாகோ பாகோவில நிக்கிறம். நான்தான் பிழை விட்டிட்டன். நாளைக் கவனிக்கேல்லை.”

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன்.  “உயிரோட இருக்கிறியள், அது காணும் அப்பா. நேற்றுப் பின்னேரம் நீங்கள் இறங்கேல்லை எண்டவுடன பிளேனுக்குத்தான் ஏதோ நடந்திட்டுதெண்டு நினைச்சிட்டம். தங்கச்சி விடிய விடிய அழுதவள்.” பிறகு சொன்னான். “ஐயர் ரெண்டு மணிக்கு எயார்போட்டில நிக்க வேணும். தள்ளிப்போட ஏலாது. நீங்கள் வந்தா வாங்கோ. ஏலாட்டி மஞ்சள் கயிறு கட்டுவம். அம்மாவை அழ வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

அம்மா அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு அழுகையைவிட மோசமாக இருந்தது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஒன்பது மணிக்கு ஒரு விமானம் இருக்கிறது என்று சொன்னது விடுதிப் பெண்தான். சொல்லிக்கொண்டே கார்த் திறப்பை எடுத்துவிட்டார். மேசையில் பாத்திரங்கள் கிடந்தபடி கிடக்க, எங்களை ஏற்றிக்கொண்டு கடற்கரை வீதியால் விமான நிலையத்துக்கு ஓட்டினார். என் வாழ்நாளில் பின்சீற்றில் இருந்து இன்னொருவரைக் கெதியாக ஓட்டும்படி மனதுக்குள் கெஞ்சியது அன்றுதான்.

பத்தொன்பது பேர் ஏறுகிற விமானம். அங்கே ஒரு நடைமுறை இருந்தது. பயணிகளைக் கைப்பையோடு தராசில் ஏற்றி நிறுக்கிறார்கள். சின்ன விமானம் என்பதால் பாரம் கணக்காக இருக்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் விடுதிப் பெண் அவர்களுடைய மொழியில் முழுக் கதையையும் சொன்னார். கார்ட்டையும் காட்டினார். கவுண்டர்ப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, ஒரு இடம்தான் இருக்கிறது, அதற்கும் பாரம் மட்டுமட்டு, பெட்டிகள் ஏற்ற முடியாது, ஒருவர் மட்டும் போகலாம் என்றார்.

மனைவி தராசில் ஏறினாள். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் எனக்கே தெரியாமல் அவள் காப்பாற்றிய இரகசியம் பெரிய சிவப்பு எழுத்தில் எரிந்தது. வேறு நாளாக இருந்தால் ஒரு மாதத்துக்குப் பகிடி பண்ணியிருப்பேன். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இறங்கிவந்து, தாலிப் பெட்டியையும் கூறைச் சேலைப் பொதியையும் என் கையில் வைத்தாள்.

“நீங்கள் போங்கோ. அவனுக்குத் தாலி எடுத்துக் குடுக்கத் தகப்பன் நிக்க வேணும். நான் பின்னேரம் வாறன்.”

“பிழை விட்டது நான். நீர் போம்” என்றேன். பெட்டியைத் திருப்பி அவளின் கையில் வைத்தேன். அவள் மீண்டும் தந்தாள். இரண்டு பேரும் கவுண்டருக்கு முன்னால் நின்று ஒரு சின்னப் பெட்டியை அங்குமிங்கும் மாற்றிக்கொண்டிருந்தோம். எனக்குக் கண் நிரம்பிவிட்டது. அவள் ஆறு மாதமாக அந்தக் கூறையைத் தேடி அலைந்தவள். கலியாணத்தைக் காணாமல் அவள் இங்கே ஒரு வாங்கில் தனிய இருக்கப்போகிறாள், அதுவும் நான் கண்ணாடி எடுக்க எழும்பாததால்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் பாரம் பார்த்து முடித்து, ஏறத் தயாராக ஒருவர் நின்றார். நாற்பது வயது இருக்கும். அகலமான தோள், பூப்போட்ட சேர்ட், கையில் கயிறு கட்டிய ஒரு ஐஸ் பெட்டி. அவர் கவுண்டர்ப் பெண்ணிடம் இரண்டு சொல் கேட்டார். மனைவியின் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு தன் அனுமதிச் சீட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். நான் ஒருவன் இறங்கினால் உங்கள் இரண்டு பேரையும் ஏற்றலாம், உங்கள் பெட்டிகளிலும் ஒன்றை ஏற்றலாம் என்று தன் வயிற்றில் தட்டிச் சிரித்தார். உங்கள் நாலு மணி இடத்தை எனக்குத் தந்துவிடுங்கள் என்றார்.

நன்றி என்று ஒரு சொல் சொன்னேனா, இல்லையா என்பதே ஞாபகம் இல்லை. அவருடைய பெயரைக் கேட்கவில்லை. கவுண்டர்ப் பெண் அவசரப்படுத்தினார். விடுதிப் பெண் மிச்சப் பெட்டிகளைப் பின்னேர விமானத்தில் அனுப்புவதாகச் சொல்லித் தள்ளாத குறையாக எங்களை அனுப்பினார். ஓடும்போது மனைவி திரும்பிப்போய் அந்த மனிதரின் கையிலும் ஒரு கார்ட்டைத் திணித்தாள். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

விமானம் கடலுக்கு மேல் ஏறியது. மனைவி தாலிப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.  கீழே நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. கோடு எங்காவது தெரிகிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சரியாக முப்பத்தைந்து நிமிடத்தில் சக்கரம் தரையில் முட்டியது. அப்போது அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சாருங்கோ. இப்ப என்ன கிழமை?”

“சனி.”

“நல்லாத் தெரியுமோ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. எனக்கும்தான். முன்சீற்றில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, காரணம் தெரியாமலே தானும் சிரித்தார்.

மகள் வெளியில் காரோடு நின்றாள். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, “அப்பா, ஆர் யூ சீரியஸ்? ஹூ மிஸஸ் அ ஹோல் டே?” என்று ஏசத் தொடங்கியவள் மண்டப வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை. நல்ல பாட்டுக் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பத்து ஐம்பத்தைந்துக்கு மண்டபத்துக்குள் நுழைந்தோம். நான் விமானத்தில் கசங்கிய காற்சட்டையோடு. யாரோ ஒரு வேட்டியைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். மணவறையில் இருந்த மகன் எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், ஐயர் தோளில் அமத்தி இருத்தினார். பக்கத்துத் தட்டில் மஞ்சள் கயிறு தயாராக இருந்தது. மனைவி அந்தத் தட்டில் தாலிப் பெட்டியை வைத்தாள். பெண்ணைக் கூறை உடுத்திக் கூட்டிவந்தார்கள். பதினொன்று முப்பதுக்கு, ஸ்ரௌவ்வில்லில் புகைமணி அடிக்க உருக்கிய தங்கம் ஆப்பியாவில் என் மருமகளின் கழுத்தில் ஏறியது. கெட்டிமேளம் ஒரு தொலைபேசியிலிருந்து வந்தது. அந்தச் சத்தத்தில் என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியதை நான் உண்மையாகவே உணர்ந்தேன்.

பின்னேரம், நாலு மணி விமானத்தில் வரும் பெட்டிகளை எடுக்கப் போனபோது அந்த மனிதரையும் தேடினேன். சுங்க அலுவலரிடம் அனுமதி கேட்டு நின்றதில் எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பெட்டிகள் மட்டும் ஒரு மூலையில் எங்களுக்காக நின்றன. அவர் போய்விட்டிருந்தார். அந்தச் சனிக்கிழமைக் காலையில் அவருக்காக யார் காத்திருந்தார்கள், ஐஸ் பெட்டிக்குள் என்ன இருந்தது, பிந்தியதால் அவருக்கு என்ன தவறிப்போனது, ஒன்றும் எனக்குத் தெரியாது.

ஒரு கிழமை நின்றுவிட்டு வந்த வழியே திரும்பினோம். அமைந்தது செவ்வாய்க்கிழமைப் பயணம். மனைவி முகத்தைச் சுளித்தாள். நான் கண்ணாடி போட்டு ரிக்கெற்றை வாசித்துக் காட்டினேன். செவ்வாய் வெளிக்கிட்டுத் திங்கள் போய்ச்சேருகிறோம் என்றதும் அவளுக்குப் பெரிய ஆறுதல், தோசம் கழிந்துவிட்டதாம். விடுதிப் பெண்ணின் சுவரில் எங்கள் கார்ட் குத்தியிருந்தது. அந்த மனிதரைப் பற்றி அவரிடமும் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ரொறன்ரோவுக்கு வந்து வேலைக்குத் திரும்பிய முதல் காலை. ஃபிஞ்ச் வீதியில், மார்க்கம் வீதிச் சந்தியில் உள்ள பஸ் தரிப்பு. மணி சரி. கதவைச் சாத்தக் கை போனபோது, கண்ணாடியில் ஒரு பெண் ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. கை அப்படியே நின்றது. அவர் ஏறி, மூச்சு வாங்க நன்றி சொல்லிவிட்டுப் பின்னால் போனார். பன்னிரண்டு விநாடி பிந்தியிருப்பேன். ஃபிஞ்ச் வீதி அப்படியேதான் இருந்தது.

இப்போதும் நேரத்துக்குத்தான் ஓட்டுகிறேன். ஆனால் அந்த இருபத்தாறு வருடத்தில் என் கண்ணாடியில் ஓடி ஓடிச் சின்னதாகிப்போன அத்தனை பேரும் சில நாட்களில் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்களில் யாருடைய பைக்குள் ஒரு தாலி இருந்ததோ என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. நான் கேட்காமலே ஒரு மனிதர் எனக்காக இறங்கி நின்றார்.